இருநூற்றுப் பன்னிரண்டாம் கருவிக்கு இட்ட பொட்டு

தங்கவேல் ஒரு தப்பு செய்தார். செய்ய நாலு நிமிஷம் ஆயிற்று, ஒப்புக்கொள்ள நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தில் முதல் ஒரு மாதத்துக்குத்தான் அவர் பொறுப்பு. மீதி நாட்களுக்கெல்லாம் நிறுவனமே பொறுப்பேற்றுக்கொண்டது. ஆனாலும் அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பது அதில் பத்தாம் நாள்தான்.

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு நீண்ட மஞ்சள் மதில் இருக்கிறது. மின்சார ரயிலில் போகிறவர்கள் அதை ஏதோ ராணுவக் கிடங்கு என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது நுண்ணொளிப் பொருள் ஆய்வு நிறுவனம். தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை ஒன்றின் நுனியைச் சுடரில் காட்டினால், அது உருகித் தானாகவே ஒரு மணியாகத் திரளும். கடுகை இருபது துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அந்த மணி. அதற்குள் ஒளியை விட்டால் வெளியே வர வழி தெரியாமல் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வரும். எவ்வளவு நேரம் சுற்றுகிறதோ அவ்வளவு உசத்தியான மணி. ஆவணங்களில் அதற்கு நுண்ணொளி ஒத்ததிர்வி என்று பெயர். வாயில் நுழையாததால் இயக்குநர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் மணி என்றே சொல்வார்கள்.

நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள். கண்ணாடிப் பிரிவுக்கு டாக்டர் ஸ்ரீகாந்த் தலைவர். கண்ணாடியில்தான் ஒளி வீணாகாமல் சுற்றும் என்பது அவர் கட்சி. பாலிமர் பிரிவுக்கு டாக்டர் மைதிலி. கண்ணாடி ஒடியும், காற்றிலுள்ள ஈரத்தை மேலே ஏற்றிக்கொண்டு நாலு நாளில் மங்கும். பாலிமரைச் சொட்டு சொட்டாக விட்டே மணி செய்யலாம் என்பது அவர் கட்சி. பாலிமர் சூடு பட்டால் உப்பும், ஈரத்தையும் குடிக்கும் என்பதை அவர் சொல்வதில்லை, ஸ்ரீகாந்த் சொல்வார். கண்ணாடிப் பிரிவில் டீயைக் கண்ணாடி டம்ளரில்தான் குடிப்பார்கள். பாலிமர் பிரிவில் பிளாஸ்டிக் கப்பில். பிளாஸ்டிக் கப்புக்கு அரசு தடை வந்தபோது, அது டீ குடிக்கும் பாத்திரம் அல்ல, ஆய்வு மாதிரி என்று மைதிலி கடிதம் எழுதி வைத்துக்கொண்டார்.

தங்கவேல் கண்ணாடிப் பிரிவில் டெக்னீசியன். திருமழிசைப் பக்கம் நாற்று நட்ட குடும்பம்; அவர் தலைமுறையில்தான் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டும் பட்டாபிராமில் சொந்த வீடும் வந்தன. இழை நுனியைச் சுடரில் எவ்வளவு நேரம் காட்டவேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் துல்லியமாக இல்லை, அது அவர் விரலில் இருந்தது. ரயில் போனால் மேசை அதிரும், மணி கோணும் என்பதால் ஆய்வகச் சுவரில் சென்னை சென்ட்ரல்–திருவள்ளூர் ரயில் அட்டவணையை ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் அங்கே அறிவியல் நடந்தது. பட்டாபிராம் ராணுவக் கிளைப் பாதையில் சொல்லாமல் கொள்ளாமல் வரும் சரக்கு வண்டி அறிவியலின் முதல் எதிரி.

முப்பத்தாறு மணிகள் கோணிப்போன பிறகு அமைந்தது முப்பத்தேழாவது. உள்ளே விட்ட ஒளி அதுவரை இந்த நிறுவனம் பார்க்காத அளவுக்குச் சுற்றியது. தங்கவேல் அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்தார். ஸ்ரீகாந்த் அதை டில்லியிலிருந்து வரப்போகும் மதிப்பாய்வுக் குழுவுக்குக் காட்டக் காத்திருந்தார். நிர்வாக அதிகாரி சிவராமன் அதைக் கருவிகள் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்து ஆயுதபூஜை வந்தது.

சிவராமன் சுற்றறிக்கை விட்டார். அனைத்துக் கருவிகளுக்கும் விடுபடாமல் சந்தனம், குங்குமம் இடப்பட வேண்டும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியிட வேண்டும். விடுபட்டது தெரிந்தால் திலகப் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும். திலகப் பொறுப்பாளராகத் தங்கவேலை நியமித்து அதற்குத் தனியாக ஒரு ஆணையும் வந்தது.

ஆபீசில் வாங்கி வைத்திருந்த சந்தனப் பவுடர் கட்டி தட்டிப்போயிருந்தது. துப்புரவு வேலை செய்யும் கெங்கம்மாள்தான் கல்லில் கட்டையை உரசிக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆனவர். கள்ளிக்குப்பத்திலிருந்து காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார்.

"அல்லாத்துக்கும் வெச்சிட்டியாண்ணே?"

"இருநூத்திப் பதினொன்னு ஆச்சு கெங்கம்மா. மணி ஒன்னுதான் பாக்கி."

"அய்ய, அத்தினூண்டுக்கு எங்கண்ணே பொட்டு வெப்ப? டிக்கு அடிச்சிட்டுப் போவியா."

கெங்கம்மாள் சொன்னது நல்ல யோசனை. மற்ற எந்த அரசு அலுவலகத்திலும் பட்டியலை அப்படித்தான் நிரப்புவார்கள். தங்கவேலும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் துருப்பிடித்த ஏர் கம்ப்ரசருக்கும், ஓடாத ஜெராக்ஸ் மெஷினுக்கும்கூடப் பொட்டு வைத்துவிட்டு, தான் பெற்ற மணிக்கு வைக்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை. கெங்கம்மாள் வாளியோடு வெளியே போனதும், மீசையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி, நுனியைச் சந்தனத்தில் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மணியின் தலையில் மெதுவாக வைத்தார். உள்ளே குட்டியாக ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தது. அழகாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எல்லோரும் வாசலில் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுண்டலும் பொரியும் ஆளுக்கு ஒரு பொட்டலம்.

விடுமுறை முடிந்து வந்ததும் ஸ்ரீகாந்த் மணிக்குள் ஒளியை விட்டார். அது ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பொட்டில் இடித்துச் சிதறிப்போயிற்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது மணியின் தலையில் காய்ந்து வெடித்த ஒரு மஞ்சள் படலம். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சந்தனம் என்று அறிக்கை வந்தது.

தங்கவேல் அப்போதே சொல்லியிருக்கலாம். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே அவர் கையால் போட்ட குறி அப்படியே இருந்தது, அதைப் பார்த்தாவது கேட்பார்கள் என்று நினைத்தார். ஆனால் பட்டியலில் குறி இருந்தால் வேலை நடந்திருக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகையால், அந்தக் குறியை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜையைப் பற்றிப் பேசவும் வழியில்லை. பூஜைக்குத் தலைமை தாங்கியவர் இயக்குநர் ஞானசேகரன். எனவே சந்தனம் பூஜையிலிருந்து வந்திருக்க முடியாது.

மூன்று பேர் விசாரணைக் குழு அமைந்தது. சிவராமன் தலைவர், ஸ்ரீகாந்தும் மைதிலியும் உறுப்பினர்கள். பத்தாம் நாள் கான்பரன்ஸ் ஹாலில் உட்கார்ந்தார்கள்.

முதலில் மைதிலி பேசினார். "எங்க பிரிவுல இப்படி ஒரு சம்பவம் நடந்ததே இல்லை, இனிமேலும் நடக்காதுன்னு உறுதியா சொல்றேன். பாலிமர் மணியில எட்டு வருஷமா ஒளி சுத்தினதே இல்லை. சுத்தாததை யாரும் நிறுத்த முடியாது. பொருளோட பாதுகாப்புன்னா அதுதான்."

ஸ்ரீகாந்துக்குப் பொறுக்கவில்லை. "இது கண்ணாடியோட பெருமைக்கு அத்தாட்சி. ஒரு துளி சந்தனத்தையே இவ்வளவு துல்லியமா கண்டுபிடிச்சு நின்னுபோச்சுன்னா, அது எப்பேர்ப்பட்ட கருவி! மணி கெட்டுப்போகலை. அது கண்டுபிடிச்சிருக்கு."

சிவராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் முன்னால் ஆயுதபூஜை குரூப் போட்டோ பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்தது. "நான் விஞ்ஞானி இல்லை. நிர்வாகம் மட்டும்தான் தெரியும். அன்னிக்கு நூத்தி நாப்பத்திரண்டு பேர் நெத்தியில சந்தனம் வெச்சாங்க. போட்டோல லென்ஸ் வெச்சு எண்ணிப் பாத்தேன். நூத்தி நாப்பத்தியொரு நெத்தியில சந்தனம் இருக்கு. ஒண்ணுல இல்லை. ஒரு சந்தனம் காணாமப் போயிருக்கு. ஒரு சந்தனம் மணியில கிடைச்சிருக்கு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

சொல்ல ஒன்றுமில்லை என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஒரு நெற்றி கெங்கம்மாளுடையது.

சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: அன்று போட்டோ எடுக்கும்போது உங்கள் நெற்றியில் சந்தனம் இருந்ததா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். தங்கவேலின் முறை வந்தது. வாயில் ஒரு முழு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் உள்ளே போனார். சிவராமன் கேட்டார்.

"இருந்துச்சு சார்" என்றார் தங்கவேல்.

அது பொய் இல்லை. கேட்டதற்குச் சரியான பதில். வெளியே போகவேண்டியவர், சுவரோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து கெங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். அந்த ஹாலில் பதினோரு வருஷமாகத் தான் துடைத்த தரையில் முதல் தடவையாக வாளியில்லாமல், கூச்சத்தோடு நடந்து வந்தார்.

"அன்னிக்கு உங்க நெத்தியில சந்தனம் இருந்ததா?"

"வெச்சேன் சார். குடம் குடமா தண்ணி தூக்கிகினு இருந்தேன், வேத்து ஊத்துச்சு. மொந்தானியால தொடச்சிட்டேன்."

"ஆக, இருந்தது. அப்புறம் இல்லை. எங்க போச்சு?"

"மொந்தானில போச்சு."

"அந்தப் புடவை எங்க?"

"தொவைச்சிட்டேன் சார்."

சிவராமன் டைப் அடிப்பவர் பக்கம் திரும்பினார். "ஆதாரம் அழிக்கப்பட்டது. எழுதிக்கோங்க."

கெங்கம்மாள் மலங்க மலங்க விழித்தார். பிறகு தலையைத் திருப்பி, சுவரோரம் இருந்த தங்கவேலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கவேல் தரையைப் பார்த்தார். டைல்ஸ் நன்றாகத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதில் அவர் முகமே தெரிந்ததால் அங்கேயும் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே கெங்கம்மாளை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் வாசல் செக்யூரிட்டி அறைக் கதவில் அவர் போட்டோ ஒட்டப்பட்டது. குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கீழே 'உள்ளே அனுமதிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

தங்கவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சுதா வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து சந்தனம் கொண்டுவந்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலைக்குள் நுழையும்போது செக்யூரிட்டி அறைப் பக்கம் பார்க்காமல், கிணற்றை எட்டிப் பார்ப்பவர் மாதிரி குனிந்த தலையோடு நடந்தார். விரலும் அவரை விட்டுப் போயிற்று. முப்பத்தெட்டு முதல் அறுபத்தியொன்று வரைக்கும் எல்லா மணியும் கோணல். ரயில் போகாத நேரத்திலும் கை அதிர்ந்தது.

"இன்னாய்யா ஆச்சு உனக்கு, பேய் பிடிச்ச மாரி கீற?" என்று சுதா கேட்டபோது, எல்லாவற்றையும் சொன்னார். சுதா கேட்டுவிட்டு, "மேல சொல்லிடு. இன்னிக்கே சொல்லிடு" என்றார். அதற்குள் கெங்கம்மாள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் ஸ்ரீகாந்தின் அறைக்குப் போனார். "சார், மணிக்குப் பொட்டு வெச்சது நான்தான் சார். கெங்கம்மா இல்ல."

ஸ்ரீகாந்த் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, பயந்துபோனார். "கதவைச் சாத்துங்க. தங்கவேல், நீங்க பர்மனென்ட் ஸ்டாஃப். பர்மனென்ட் ஸ்டாஃப் தப்பு பண்ணா அது நிறுவனத்தோட தப்பு. டில்லி வரைக்கும் போகும். கான்ட்ராக்ட் ஆள் தப்பு பண்ணா கான்ட்ராக்டரோட தப்பு. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்க. அதைப் போய்க் கெடுக்காதீங்க."

"அந்தம்மாவுக்கு வேல பூட்ச்சு சார்."

"அதான் சொல்றேன். ஏற்கனவே போயாச்சு. இப்ப நீங்களும் போனா ரெண்டு பேருக்கு வேலை போகும். கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

தங்கவேல் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. சிவராமனிடம் போனார்.

"விசாரணை முடிஞ்சாச்சு தங்கவேல். ஃபைல் மூடியாச்சு. குற்றவாளி இடம் இப்ப காலி இல்லை" என்றார் சிவராமன். "அது மட்டுமில்லை, கவனக்குறைவாக யார் சந்தனத்தை விழவிட்டதுன்னு கண்டுபிடிக்கத்தான் குழு போட்டது. நீங்க கவனமா வெச்சேங்கறீங்க. அது எங்க வரம்புக்குள்ள வராது. எழுத்துல குடுங்க, பாக்கலாம்."

எழுத்தில் கொடுத்தார். ஒரு பக்கக் கடிதம். 'நான்தான் மணிக்குச் சந்தனம் வைத்தேன். கெங்கம்மாள் மீது தவறு இல்லை' என்று அதில் இரண்டே வரிதான் முக்கியம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டார். குற்ற ஒப்புதலுக்குத் தனிப் பதிவேடு இல்லாததால் முத்திரை போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடிதம் நிர்வாகத்திலிருந்து கண்ணாடிப் பிரிவுக்குப் போயிற்று. கண்ணாடிப் பிரிவு, சந்தனம் கண்ணாடி அல்லவே என்று எழுதிப் பாலிமர் பிரிவுக்கு அனுப்பியது. பாலிமர் பிரிவு விளக்கம் கேட்டு நிர்வாகத்துக்குத் திருப்பியது. நிர்வாகம் மறுபடி கண்ணாடிப் பிரிவுக்கு. இரண்டு மாதம் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த நிறுவனம் செய்த மணிகளிலேயே உசத்தியான மணி அந்த நிறுவனம்தான் என்று தங்கவேலுக்குத் தோன்றியது.

மூன்றாவது மாதம் டாக்டர் மைதிலி அதைக் கையில் எடுத்தார். தங்கவேலை நேரில் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிளாஸ்டிக் கப்பில் டீ வந்தது.

"தங்கவேல், இத்தனை நாள் இதை ஏன் மறைச்சு வெச்சீங்க?"

அப்பாடா, ஒரு ஆளாவது கேட்டதே என்று தங்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதாம்மா. பயந்துட்டேன்."

"தப்பா? சந்தனம் எது? மரம். மரம் எது? செல்லுலோஸ். செல்லுலோஸ் எது? பாலிமர்! நீங்க கண்ணாடி மேல பாலிமர் பூச்சு பூசியிருக்கீங்க. கண்ணாடி–இயற்கைப் பாலிமர் கூட்டு மணி. எட்டு வருஷமா எங்க பிரிவால முடியாததை மீசை மயிர்ல முடிச்சுட்டீங்க."

"ஆனா அதுல வெளிச்சம் சுத்தலியேம்மா."

"சுத்த வைக்கறது எல்லாரும் பண்றாங்க. நிதானமா நிறுத்தி வைக்கறது யார் பண்றாங்க?"

மதிப்பாய்வுக் குழு டில்லியிலிருந்து வந்து, கூட்டு மணியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மஞ்சள் பொட்டு நன்றாகத் தெரிவதாகக் குறிப்பெழுதிவிட்டுப் போயிற்று. கண்ணாடி எங்களுடையது என்று ஸ்ரீகாந்தும், பூச்சு எங்களுடையது என்று மைதிலியும் முதல் தடவையாக ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். தங்கவேலின் ஒப்புதல் கடிதம் பணியாளர் ஆலோசனைத் திட்டத்துக்கு மாற்றப்பட்டு, ஆண்டின் சிறந்த ஆலோசனையாகத் தேர்வாயிற்று.

பிப்ரவரியில் நிறுவன நாள் விழா. மேடையில் தங்கவேலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இயக்குநர் ஞானசேகரன் பேசினார்.

"நம் நிறுவனத்தில் யார் தவறு செய்தாலும் நாங்கள் விடுவதில்லை, அதைச் சாதனையாக மாற்றும்வரை ஓயமாட்டோம். மாற்ற முடியாத தவறு என்றால், அதைச் செய்தவர் நம் நிறுவனத்தைச் சேர்ந்தவரே அல்ல என்று பொருள். இந்தக் கொள்கையால்தான் நாற்பது வருடங்களாக நம் பணியாளர் ஒருவர்கூடத் தவறே செய்ததில்லை!"

கைதட்டல். தங்கவேலை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றார். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"மணியக் கெடுத்தது நான். கெங்கம்மா ஒன்னும் பண்ல. அவங்கள வெளிய அனுப்பினது அநியாயம். விசாரணை அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. எனக்கு இந்தப் பொன்னாட வாணாம் சார்."

ஞானசேகரன் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார். "பார்த்தீர்களா! ஒரு துப்புரவுப் பணியாளரின் பழியைத் தன் தலையில் ஏற்கிற இந்தப் பெருந்தன்மை! இந்தப் பண்பாட்டை எந்த வெளிநாட்டு ஆய்வகத்தில் காட்ட முடியும்?"

முன்பைவிடப் பலமான கைதட்டல். சிவராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையிலிருந்து இறங்கியவர் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறினார். கள்ளிக்குப்பத்தில் விசாரித்துக்கொண்டு போனபோது, கெங்கம்மாள் வாசல் குழாயடியில் அடுக்கடுக்காகக் கல்யாண மண்டபத்துப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கெங்கம்மா, அந்தப் பொட்டு…"

"நீதான் வெச்ச."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிய கீற ஜன்னல் கண்ணாடியத் தொடச்சிகினு இருந்தேன். மீச மயிரப் புடுங்கி வெச்சியே, கன்னத்துல போட்டுக்கினியே, அல்லாத்தையும் பாத்தேன்."

"அப்ப ஏம்மா அன்னிக்குச் சொல்லல?"

"நான் எதுக்குண்ணே சொல்லணும்? நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

குழாயில் தண்ணீர் நின்றுபோய்க் காற்று மட்டும் வந்தது. தங்கவேல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் சொன்னதை, கடிதம் எழுதியதை, ஸ்ரீகாந்திடமும் சிவராமனிடமும் போனதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல, இதில் எதுவும் அந்தப் பத்தாம் நாளுக்கு ஈடாகாது என்று அவருக்கே தெரிந்தது. கெங்கம்மாள் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

"அம்பத்தூர் எஸ்டேட்டுல ஏழு கம்பெனிக்குப் போனேன். எங்க போனாலும் அந்தப் போட்டோ எனக்கு முன்னாடி போயி நிக்குது. கான்ட்ராக்ட் காரனுங்க போன்ல அனுப்பிக்கிறானுங்க. ஆதாரத்த அழிச்ச பொம்பளையாம் நானு. உன் பொன்னாடய வெச்சிகினு நான் இன்னா பண்றது? நான் பண்ணலன்னு சீல் குத்தின காயிதம் ஒன்னு குட்த்தா அத்த எட்த்துகினு போவேன்."

"சீலு போடமாட்றாங்க கெங்கம்மா."

"போடறானுங்களோ இல்லியோ. மொதல்ல அந்த போட்டோவக் கிழிச்சிகினு வா. அதுல ஓரத்துல இன்னா கீதுன்னு நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. நாலு மாதமாகத் தினம் இரண்டு வேளை அதைத் தாண்டிப் போகிறார், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை செக்யூரிட்டி அறைக்கு நேராகப் போய் நின்று பார்த்தார். கெங்கம்மாள் வேர்த்த முகத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டார்கள், ஆனால் சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. கையில் திலகப் பொறுப்பாளர் பட்டியல். ஆள்காட்டி விரல் நுனி முழுக்கச் சந்தனம். தங்கவேல் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். நூற்று நாற்பத்தொரு பேரும் தினம் தாண்டிப் போன கதவில் சாட்சி அப்படியே ஒட்டியிருந்தது.

பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டி, மூலையைப் பிடித்து இழுத்தார். டர்ரென்று வந்தது. 'உள்ளே' என்ற வார்த்தை மட்டும் கதவிலேயே தங்கிவிட்டது.

செக்யூரிட்டி வீராசாமி விசிலோடு ஓடி வந்தார். "இன்னா மாமே பண்ற? ஆபீஸ் பிராப்பர்ட்டி அது!"

"எழுதிக்கோ வீராசாமி. தங்கவேல் கிழிச்சான்னு எழுதிக்கோ."

மூன்று மாதமாகத் தப்பை ஒப்புக்கொண்டும் வராத மெமோ நாற்பது நிமிஷத்தில் வந்தது. சிவராமன் கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். மணி கெட்டபோதுகூட அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "ஏ-ஃபோர் ஷீட், தங்கவேல்! கலர் பிரிண்ட்! உங்களை நான் என்னமோன்னு நினைச்சேன்! இருபத்துநாலு மணி நேரத்துல எழுத்து மூலமா விளக்கம் வேணும். ஏன் கிழிச்சீங்க, முழுக் காரணம், ஒண்ணு விடாம!"

"மெமோவுக்குப் பதில் குட்த்தா சீல் போட்டுத் தருவீங்களா சார்?"

"ஒழுங்கு நடவடிக்கைக்குச் சீல் போடாம? ரெண்டு காப்பி குடுங்க. ஒண்ணுல போட்டுத் தருவோம். விதி அப்படி."

தங்கவேல் உட்கார்ந்து எழுதினார். நான் கிழித்தது உண்மை என்று ஆரம்பித்து, ஏன் கிழித்தேன் என்பதற்கு ஆயுதபூஜையிலிருந்து எல்லாவற்றையும் எழுதினார். மீசை மயிரை எழுதினார். விசாரணையில் 'இருந்துச்சு சார்' என்று மட்டும் சொன்னதை எழுதினார். கெங்கம்மாளிடம் குற்றம் எதுவும் இல்லை, அவர் என்னைப் பார்த்தபோது நான் தரையைப் பார்த்தேன் என்றும் எழுதினார். மூன்று பக்கம் வந்தது. தாள் கிழித்ததை ஒப்புக்கொள்கிற முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, மூன்று பக்கத்திலும் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தார் சிவராமன். பதினைந்து நாள் பணி இடைநீக்கம் என்று மத்தியானமே ஆணை வந்தது.

சாயங்காலம் கள்ளிக்குப்பத்துக்குப் போய் முத்திரை குத்திய காகிதத்தையும் போட்டோவையும் கொடுத்தார். கெங்கம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, மூன்று பக்கத்தையும் நின்றபடியே கேட்டார். தரையைப் பார்த்த இடம் வந்தபோது, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மடித்து, ஒரு பாலிதீன் கவரில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

"நாளைக்கு எஸ்டேட்டுக்குப் போறேன். இத்தக் காட்டிக் கேக்கறேன். குட்த்தா சரி."

"நானும் கூட வரட்டா? நேர்ல சொல்றேன்."

கெங்கம்மாள் போட்டோவை எடுத்து, ஓரத்தை நகத்தால் மடித்துக் கோடு போட்டு, நேராகக் கிழித்தார். தன் முகம் இருந்த பாகத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். சந்தனம் தோய்ந்த விரல் இருந்த துண்டைத் தங்கவேலிடம் நீட்டினார்.

"இந்தா, உன்னுத நீயே வெச்சிக்க" என்றார்.

தங்கவேல் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.